மூன்றாவது வரி

சிட்டு ஓடியபோது விளக்கு எரியவில்லை.

வாசற்கதவிலிருந்து உள்ளறைகளுக்குப் போகும் நடைவழியில், கூரையை ஒட்டி ஒரு விளக்கு இருந்தது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும், போய்விட்டால் தானாக அணையும். ரொம்ப ரோஷமான விளக்கு அது. ஒரு கரப்பான்பூச்சி கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால்கூட எரிந்துவிடும் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். அன்று மாலை மழை பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவர் ஈரத்தில் கறுத்து, வீட்டுக்குள் சாமான்களின் ஓரங்களெல்லாம் மங்கத் தொடங்கியிருந்த நேரத்தில், சிட்டு என்று அவர்கள் கூப்பிடும் ஒரே மகள் தன் அறையிலிருந்து ஹாலுக்கு ஓடினாள், ஹாலிலிருந்து திரும்பவும் அறைக்கு ஓடினாள், வெறுங்கால் தரையில் படபடவென்று அடிக்கும் சத்தம் முழுதாகக் கேட்டது, விளக்கு மட்டும் எரியவே இல்லை. ஹால் மூலையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்த அவள் அம்மா அதைக் கவனித்தாள். பல்பு போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, அவள் தலைக்கு மேலே அது பளிச்சென்று எரிந்தது.

"அம்மா, எனக்கு மட்டும் எரிய மாட்டேங்குது" என்றாள் சிட்டு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு விளக்கை முறைத்தாள். விழுந்த பல்லின் இடைவெளி வழியே நாக்கு எட்டிப் பார்த்தது.

"நீ குள்ளமா இருக்கல்ல, அதுக்குத் தெரியல."

"நேத்து எரிஞ்சுதே?"

அம்மா திரும்பப் போய் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். நாளைக்கு யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது.

அவள் புரோகிராமர். வீட்டிலிருந்தே வேலை. முதல் முறையாக ஒரு புது புராஜெக்ட் அவள் பொறுப்பில் வந்திருந்தது, மறுநாள் காலை எல்லாரும் ஆரம்பிப்பதற்குள் அதற்கான ரெப்போவை உருவாக்கி வைக்க வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு ஃபோல்டரைக் கணினிக்குக் காட்டி, இனி இதற்குள் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்வதுதான். மவுஸால் தட்டியும் செய்யலாம். அவளுக்கு அது பிடிக்காது. டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் கட்டளை அடித்துச் செய்தால்தான் செய்தது போல இருக்கும்.

மதியம் அப்படி அடித்துக்கொண்டிருந்தபோதுதான், பென்சில் சீவித் தா, பென்சில் சீவித் தா என்று சிட்டு நச்சரித்த நச்சரிப்பில், அம்மா ஃபோல்டர்களில் ஒரு படி கூடுதலாக மேலே ஏறிவிட்டாள். புது வேலைக்கான காலி ஃபோல்டருக்குள் நின்று அடிக்க வேண்டிய கட்டளையை, அதற்கும் மேலே, அவள் பெயரையே தாங்கி நிற்கும் பெரிய ஃபோல்டரில் நின்று அடித்துவிட்டாள். அவளுடைய சகலமும் அதற்குள்தான் கிடந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துக்கொள் என்றதும் கணினி மூச்சு வாங்கியது, விசிறி இரைந்தது, டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று ஓரத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. எங்கே சிக்கிக்கொண்டது என்று பார்த்தால், சிட்டுவின் படங்கள். வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் தொடங்கி, நேற்று விழுந்த பல்வரைக்கும், மகளின் செல்லப்பெயரையே வைத்து அவள் சேர்த்து வந்த ஃபோல்டர்.

அது ஏன் இங்கே வருகிறது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒவ்வொரு ரெப்போவிலும் இக்னோர் ஃபைல் என்று ஒன்று உண்டு. இதையெல்லாம் கண்டுகொள்ளாதே என்று கணினிக்குச் சொல்லும் ஃபைல், வரிக்கு ஒரு பெயர். வழக்கமாகப் போடும் நாலு குப்பைப் பெயர்களுக்கு நடுவே, மூன்றாவது வரியில், சிட்டு என்று அடித்தாள். கணினி அமைதியானது. முதல் கமிட் போட்டாள். அந்த நிமிடம் இருந்தது இருந்தபடி பதிவானது. சோம்பல் முறித்துவிட்டு, பென்சிலை வாங்கிச் சீவிக் கொடுத்தாள்.

இருட்டிய பிறகு அவள் கணவன் வந்தான். சாவி திரும்பியது, நடைவழி விளக்கு அவனுக்கு மரியாதையாக எரிந்தது, நனைந்த குடையின் ரப்பர் வாடையும் தெருவின் ஈரமும் அவனோடு சேர்ந்து உள்ளே வந்தன. சிட்டு வழக்கம்போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினாள். அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான், குடையை மூலையில் சாய்த்தான், அவளைக் கடந்து நடந்தான். அவன் தோள் பையின் ஈரமான மூலை குழந்தையின் கன்னத்தில் இழுத்துக்கொண்டு போனது.

"அப்பா!"

அவன் தலையைத் துவட்டிக்கொண்டான்.

"ஏங்க, சிட்டு கூப்பிடுறா பாருங்க."

"யாரு கூப்பிடுறா?"

"சிட்டு."

அவன் சுண்டுவிரலால் காதைக் குடைந்தான். "மழைத் தண்ணி போய் அடைச்சுக்கிச்சு போல. உன் வாய் அசையுது, சத்தம் வரல."

அவன் குறும்புக்காரன்தான். மகளைக் காணோம் என்று கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் தேடி, அவள் வெடித்துச் சிரிக்கும்வரை விடமாட்டான். அதுதான் இது என்று அவள் சிரித்துவைத்தாள். சிட்டுவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் சாப்பாட்டு மேசையைத் துடைத்து இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தான். இரண்டு டம்ளர். பிறகு சின்ன அறையின் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்று உள்ளே பார்த்தான். உள்ளே சிட்டுவின் கட்டில் இருந்தது, சுவரில் மெழுகுக் குச்சியால் அவள் கிறுக்கிய வீடுகள் இருந்தன, தலைகீழாக ஒரு குட்டிச் செருப்பு கிடந்தது. வெள்ளையடித்த வெறும் சுவரைப் பார்ப்பது போல அவன் கண் அவற்றின் மேல் போய் வந்தது.

"இந்த ரூம் எத்தனை வருஷமா சும்மாவே கிடக்கு. உன் டேபிளை இங்க போட்டுக்கலாம்ல? நிம்மதியா வேலை பாக்கலாம்."

சிட்டுவின் சிரிப்பு நின்றது.

"போதும் விளையாட்டு" என்றாள் அவள். குரல் தானாக உயர்ந்துவிட்டது. "குழந்தை பயப்படுது."

"என்ன பயப்படுது?" அவன் திரும்பினான். அவன் முகத்தில் குறும்பு இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவனின் சாதாரணக் களைப்பு மட்டும் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் இது விளையாட்டு இல்லை என்று அவளுக்கு முதன்முதலாகப் பட்டது.

அவன் ஹாலுக்கு வந்தான். சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நேராக வந்தான். வந்து, திரும்பி, பின்னால் பார்க்காமல், அவள் மேலேயே உட்காரப் போனான்.

அம்மா பாய்ந்து போய் குழந்தையைப் பிடித்து இழுத்தாள். உடம்பு வந்தது, ஒரு கால் மாட்டிக்கொண்டது. சிட்டு வலியில் கத்தினாள். அவன் நெளிந்தான், குஷனைச் சரிசெய்பவன் போலக் கையைப் பின்னால் விட்டு, அந்தக் காலைத் தள்ளிவிட்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

"என்னாச்சு உனக்கு?" என்றான். உண்மையான கவலையோடு கேட்டான். "ஏன் இப்படி நடுங்குற?"

"அப்பா என் காலு மேல உக்காந்துட்டாரு" என்று சிட்டு தேம்பினாள். "அப்பா ஏன்மா என்னைப் பாக்க மாட்டேங்குறாரு?"

அவனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஃபோனை எடுத்தாள். மகளை அணைத்துக்கொண்டு கேமராவை இருவர் முகத்துக்கும் நேராகத் திருப்பினாள். திரையில் சோபா தெரிந்தது. அவன் தெரிந்தான். அவள் தெரிந்தாள், கலைந்த தலையோடு, வெளிறிய உதடுகளோடு. அவள் இடது கை மட்டும், எதையோ அணைத்திருப்பது போல, காற்றில் வளைந்து நின்றது.

அந்தக் கைக்குள் குழந்தையின் விலா எலும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சூடாக இருந்தது.

அப்போது அவளுக்கு மூன்றாவது வரி ஞாபகம் வந்தது. அவள் கையாலேயே அடித்த வரி. இது பைத்தியக்காரத்தனம் என்று புத்தி சொன்னது, கை கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டாள், லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டாள், படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு விஷயம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ரெப்போவுக்குள் இருக்கிற எதை அழித்தாலும் பழைய பதிவிலிருந்து திரும்ப எடுத்துவிடலாம். இக்னோர் செய்ததற்குப் பழைய பதிவு கிடையாது. போனால் போனதுதான்.

"மடியை விட்டு இறங்காத கண்ணு. அம்மாவைக் கெட்டியா பிடிச்சுக்கோ."

சிட்டு அவளைப் பார்த்தபடி மடியில் ஏறி உட்கார்ந்து, அவள் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கைகளாலும் கொத்தாகப் பற்றிக்கொண்டாள். தலைமுடியில் ஷாம்பூ வாசமும் பென்சில் சீவல் வாசமும் கலந்து அடித்தது. அந்தச் சின்னத் தோளுக்கு மேலாக எட்டி, அவள் திரையைப் பார்த்தாள். நிலவரம் என்ன என்று கேட்டு ஒரு கட்டளை அடித்தாள். ஒரே வரியில் பதில் வந்தது. எல்லாம் சுத்தமாக இருக்கிறது.

இக்னோர் ஃபைலைத் திறந்தாள்.

ஓரத்தில் எண்கள் ஐந்துவரை போயின. பெயர்கள் நாலுதான் இருந்தன. இரண்டாவதைப் படித்தாள், அடுத்துக் கண் நாலாவதில் இருந்தது. மறுபடி படித்தாள். மறுபடி வழுக்கியது. எண்ணெய் பூசிய படியில் கால் வைப்பது போல. கர்சரை நகர்த்தினாள். அதுவும் தாண்டியது.

அப்படியென்றால் அவளுக்கும் ஆரம்பித்துவிட்டது.

ஃபைலையே மொத்தமாக அழித்துவிடலாம். கட்டளையை அடித்தும்விட்டாள். எண்டர் தட்ட வேண்டியதுதான். விரல் நின்றது. பதறும்போது தனியாக எதையும் அழிக்காதே, முதலில் யாரையாவது லைனில் கூப்பிடு: அவர்கள் டீமில் எழுதாத சட்டம் அது. போன வருடம் ஒருத்தர் பதற்றத்தில் ஒரு கட்டளையைத் தப்பாகத் தட்டி, எட்டு மாத உழைப்பைக் காற்றில் விட்டபிறகு வந்த சட்டம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லித்தருவதே அவள்தான். தப்பாகத் தட்டிவிட்டால்? மடியில் இருக்கிற இவள் போய்விட்டால்?

ஃபோனை எடுத்தாள். டீமில் மூத்தவர், எதையும் கறுப்புத் திரையிலேயே முடிப்பதால் எல்லாரும் டெர்மினல் என்று கூப்பிடுபவர். அவர் எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

மணி அடித்தது.

"சிட்டு" என்று முணுமுணுத்தாள். விடக்கூடாது. "சிட்டு, சிட்டு, சிட்டு."

"என்னம்மா?" என்றது நெஞ்சுக்கு அருகில் ஒரு குரல்.

மணி அடித்தது. மழை ஜன்னலில் சாய்ந்து அடித்தது. ஹாலில் அவன் டிவி போட்டான், அதில் யாரோ கைதட்டினார்கள். "சிட்டு, சிட்டு." மணி. பென்சில் வாசம். எங்கிருந்தோ பென்சில் வாசம். "சிட்..."

மணி.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவள் யோசித்தாள்.

"சொல்லும்மா" என்றார் டெர்மினல். "இந்த நேரத்துல என்ன? ரெப்போ சதி பண்ணுதா?"

"ஆமாண்ணா..." என்றாள். எதற்காகக் கூப்பிட்டோம்? கன்னம் ஈரமாக இருந்தது. அழுதிருக்கிறோம். ஏன்? திரையைப் பார்த்தாள். எதையோ அழிக்கச் சொல்லி ஒரு கட்டளை பாதியில் நின்றது. எதற்கென்று புரியவில்லை, அதை நீக்கினாள். ஓரத்தில் எச்சரிக்கை இன்னும் இருந்தது. ஓ, இதற்காகத்தான். "டிஸ்க்ல இடம் இல்லன்னு காட்டுதுண்ணா. காலையில எல்லாரும் ஆரம்பிக்கணுமே."

"அவ்வளவுதானா? குரலைக் கேட்டா வீடு தீப்பிடிச்ச மாதிரி இருக்கு." அவர் சிரித்தார். "இக்னோர்ல போட்ட குப்பை நெறைய சேர்ந்திருக்கும். அதை மட்டும் மொத்தமா தள்ளுறதுக்கு ஒரு கட்டளை இருக்கு, தெரியும்ல? க்ளீன். ஆனா முதல்ல ஒத்திகை பாரு. எதெது போகும்னு காட்டும்."

அடித்தாள். விரல் தப்பான எழுத்தில் விழுந்தது. யாரோ சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது போல. உதறிக்கொண்டாள். மறுபடி அடித்தாள். மறுபடி இழுத்தது. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள், சாத்தித்தான் இருந்தது. கால்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டோம்.

தோளில் ஈரம்.

அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒழுகல் எதுவும் இல்லை. ஈரம் பரவிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. மழைத் தண்ணீர் சூடாக இருக்குமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"காட்டுதா?" என்றார் டெர்மினல்.

"காட்டுதுண்ணா. நாலு இருக்கு. நாலும் குப்பைதான்." இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு வரி அளவுக்குக் கறுப்பு. என்னவோ.

"நல்லா பாத்துக்கோ. இதுக்கெல்லாம் காப்பி கிடையாது. அடிச்சா அடிச்சதுதான். முக்கியமா ஏதாவது இருக்கா?"

அவள் பார்த்தாள். நேர்மையாகத்தான் பார்த்தாள். பட்டியலின் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக. காது இரைந்தது, மிக அருகில் யாரோ வாயைத் திறந்து கத்துவது போல, சத்தமே இல்லாமல், மூச்சுக் காற்று மட்டும் கழுத்தில் பட்டுப் பட்டுப் போவது போல. இதயம் ஏன் இப்படி அடிக்கிறது? நெஞ்சுக்குள் எதையோ வைத்த இடம் மறந்துபோன தவிப்பு. என்னவோ ஒன்று. ரொம்ப முக்கியமான ஒன்று.

எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள்.

"இல்லண்ணா. ஒண்ணும் இல்ல."

"அப்போ தட்டு."

எண்டர்.

வரிகள் ஓடின. நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது. மூன்றாவதில் திரை நின்றது. வெகுநேரம். விசிறி இரைந்தது. மடியில் என்னவோ துடித்தது, துள்ளியது, முழங்காலில் உதைத்தது. கால் மரத்தால் இப்படித்தான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு வரிகள் மறுபடி ஓடின. கால்களில் ரத்தம் திரும்பியது. பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. எவ்வளவு சுகமாக இருந்தது.

"முடிஞ்சுதுண்ணா. இடம் நிறைய கிடைச்சிருச்சு. தேங்க்ஸ்" என்றாள். ஃபோனை வைத்தாள்.

குனிந்தபோது சட்டை கண்ணில் பட்டது. முன்பக்கம், நெஞ்சுக்குக் கீழே, இரண்டு இடத்தில் துணி கொத்தாகச் சுருண்டு, முறுக்கிக்கொண்டு, அவள் உடம்பை விட்டு விலகி முன்னால் இழுபட்டு நின்றது. எதிரே எதுவும் இல்லை. இடப்பக்கக் கொத்து மெதுவாகத் தளர்ந்து விழுந்தது. வலப்பக்கம் விடவில்லை. இன்னும் இறுகியது. நடுங்கியது. ஒரு மடிப்பு அவிழ்ந்தது, இன்னொரு மடிப்பு, இன்னொன்று. கடைசி மடிப்பு மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் உள்ளங்கையால் அதை நீவிவிட்டாள்.